ஒரு மணி நேர மின்சாரத்துக்கு முழு இசைவு

எங்கள் மண்மடி வாழ்வகத்தில் யாரும் யாருக்கும் உத்தரவு போடுவதில்லை. அதனால் எதுவும் நடப்பதில்லை. இதை நான் குறையாகச் சொல்லவில்லை. நுழைவாயில் பலகையிலேயே ஏறக்குறைய இப்படித்தான் எழுதி வைத்திருக்கிறார்கள்.

ஸ்ரீமுஷ்ணத்திலிருந்து நாலு கிலோமீட்டர் உள்ளே, முந்திரிக் காட்டுக்கு நடுவில் பன்னிரண்டு ஏக்கர். இருபத்தாறு பேர். வெளியிலிருந்து மின்கம்பி கிடையாது, குழாய்த் தண்ணீர் கிடையாது. பொதுக் கொட்டகைக் கூரையில் எட்டு சோலார் பேனல், கீழே பேட்டரி, அவ்வளவுதான். நானும் என் கணவர் கலைமணியும் மேல்பட்டாம்பாக்கத்து வீட்டை விற்றுவிட்டு இங்கே வந்து, இது நடந்தபோது, இரண்டு வருடம் ஆகவிருந்தது. தகுதிகாண் காலம் முடியப் பதின்மூன்று நாள் பாக்கி இருந்தது. முடிந்தால் நிரந்தர உறுப்பினர்கள். அதற்குள் விதி எதையாவது மீறினால் இரண்டு பேரும் மூட்டை கட்ட வேண்டும். கட்டிய மூட்டையை எங்கே கொண்டு போய் இறக்குவது என்று இன்றைக்குவரை எங்களுக்குத் தெரியாது.

என் பெயர் இளவரசி. சென்னையில் பதினாலு வருடம் கம்ப்யூட்டர் வேலை பார்த்துவிட்டு, போதும்டா சாமி என்று வந்தவள். எல்லாவற்றையும் விட்டேன், 'செவிமொழி'யை மட்டும் விட முடியவில்லை. கண் தெரியாதவர்களுக்குத் திரையில் இருப்பதைத் தமிழில் வாசித்துக் காட்டும் மென்பொருள் அது. காசு கிடையாது. யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம், உள்ளே பிரித்துப் பார்க்கலாம், தப்பு இருந்தால் திருத்தி அனுப்பலாம். ஏழெட்டு ஊர்களிலிருந்து பத்துப் பதினைந்து பேர் அப்படி அனுப்புகிறார்கள். ஆனால் புதுப் பதிப்பு வெளியே போக வேண்டுமானால் கடைசியில் நான் கையெழுத்துப் போட வேண்டும். பேனாவால் அல்ல. என் லேப்டாப்புக்குள் இருக்கும் ஒரு ரகசியச் சாவியால் போடும் கையெழுத்து. கண்டவர்களும் கண்டதைச் சேர்த்து வெளியே விட்டுவிடக் கூடாது என்று நான் வைத்த விதி.

அந்த லேப்டாப் இப்போது என்னுடையது அல்ல. சேர்ந்த அன்றைக்கே எல்லோருடைய உடைமையும் பொதுவாகிவிட்டது. கருவிக் கொட்டகைப் பதிவேட்டில் 'மண்வெட்டி 14, கடப்பாரை 6, மடிக்கணினி 1, களைக்கொத்து 22' என்று இருக்கும். மாதத்தின் முதல் ஞாயிற்றுக்கிழமை ஒரு மணி நேரம் எனக்குத் தருவார்கள். போன்கள் எல்லாம் வாசலில் ஒரு மண்பானைக்குள் கிடக்கும். ஞாயிறுதோறும் அரை மணி நேரம் பானை திறக்கப்படும். அதற்கு 'பானை நேரம்' என்று பெயர். இருபத்தாறு பேரும் பானையைச் சுற்றி நிற்பதைப் பார்த்தால் கூழ் ஊற்றுகிறார்கள் என்றுதான் யாருக்கும் தோன்றும்.

போன மாத இரண்டாவது ஞாயிறு, பானை திறந்ததும் என் போனில் தேவசகாயத்திடமிருந்து பத்தொன்பது அழைப்புகள் வந்திருந்தன. தேவசகாயம் கடலூரில் ஒரு அலுவலகத்தில் தட்டச்சர். பிறவியிலேயே பார்வை இல்லாதவர். பதினோரு வருடமாகத் தற்காலிகம். செவிமொழியை முதல் நாளிலிருந்து பயன்படுத்துகிறவர்.

"அம்மா, போன வாரம் நீங்க வுட்ட புது வெர்ஷன் இருக்குது இல்ல, அது கட்டம் போட்ட பக்கத்துக்கு வந்தா அப்படியே வாயடைச்சிப் போவுதும்மா. வெள்ளிக்கெழம எனக்கு சிதம்பரத்துல பரீட்ச. கேள்வித்தாள்ல பாதி கட்டந்தான். பாஸானா பர்மனென்ட் பண்ணுவாங்க. இல்லன்னா அடுத்த மாசத்தோட நின்னுக்கன்னுட்டாங்க."

"பழைய வெர்ஷன போட்டுக்க முடியாதா?"

"ஒத்துக்க மாட்டாங்களாம். கடைசியா அதிகாரபூர்வமா வந்தது எதுவோ அதுதான் இருக்கணுமாம். காலைல ஒம்போது மணிக்குள்ள லேப்டாப்ப அவுங்ககிட்ட செக் பண்ணக் குடுத்துடணும். அதுக்கப்புறம் தொட முடியாது."

அவர் சொல்லி முடிப்பதற்குள் எனக்குத் தெரிந்துவிட்டது. ஒரே ஒரு வரி. போன ஞாயிறு அவசர அவசரமாக நான் மாற்றிய வரி. என் கண் முன்னால் அது அப்படியே நின்றது. அதைத் திருத்தி, முழு மென்பொருளையும் மறுபடி கட்டி, கையெழுத்துப் போட்டு வெளியிட ஒரு மணி நேரம் மின்சாரம் போதும்.

"கவலப்படாதீங்க, நான் பாத்துக்கறேன்" என்றேன். இப்படிச் சொல்வதற்கு எனக்கு என்ன தைரியம் இருந்தது என்று இன்றைக்கும் புரியவில்லை.

திங்கட்கிழமை காலை விண்ணப்பம் எழுதப் போனேன். மண்மடியில் கடைக் காகிதத்தில் எழுதிய விண்ணப்பம் செல்லாது. விண்ணப்பதாரர் தானே வாழைநாரில் காகிதம் செய்து, அதில் எழுதித் தர வேண்டும். காகிதம் செய்யும் நேரத்தில் பாதிக் கோரிக்கைகள் தாமாக உதிர்ந்துவிடும் என்பது கொள்கை. எனக்கு உதிரவில்லை. நாரை வேகவைத்து, இடித்து, சல்லடையில் பரப்பி, மதியத்துக்குள் வெயிலில் போட்டேன். சாயங்காலம் மின் அவைப் பொறுப்பாளர் பொன்னுரங்கம் வந்து காகிதத்தைத் தடவிப் பார்த்தார்.

"இன்னும் ஈரமா இருக்குது. ஈரத்துல எழுதினா எழுத்து பரவும். நாளைக்கி வாங்க."

"நான் மெதுவா எழுதறேங்க."

"சக உயிரே, அவசரந்தான் இந்த ஒலகத்தக் கெடுத்துச்சி" என்று சொல்லிவிட்டு அவர் அவசரமாகப் போனார். அங்கே சாப்பாட்டு மணி அடித்துவிட்டது.

செவ்வாய்க்கிழமை மூன்று மணிக்கு மின் அவை கூடியது. மூன்று பேர், மூன்று பாய். பொன்னுரங்கம் விண்ணப்பத்தை உரக்க வாசித்தார். பிறகு மூவரும் ஐந்து நிமிடம் கண்ணை மூடி மின்சாரத்தை நினைத்தார்கள். கண்ணைத் திறந்ததும் கேள்வி வந்தது.

"எத்தினி யூனிட் ஆவும்?"

"ஒரு யூனிட்டுல பத்துல ஒரு பங்கு கூட ஆவாதுங்க."

"அதாம்மா சிக்கலு. ஒரு யூனிட்டுக்குக் கீழ கேட்டா அத பாக்கறதுக்கு நம்மகிட்ட வழிமொற இல்ல."

"சரி, ஒரு யூனிட்டுன்னே எழுதிக்குங்க."

மூவரும் தலையைச் சேர்த்துப் பேசினார்கள். "ஒரு யூனிட் ஜாஸ்தி" என்றார் பொன்னுரங்கம்.

எனக்குச் சுர்ரென்று ஏறியது. "மதியம் பன்னெண்டு மணிக்கே பேட்டரி ரொம்பிப் போவுது. அதுக்கப்புறம் வர்ற கரண்டு அத்தனையும் சும்மாதானே வீணாப் போவுது? அதுல குடுங்களேன்."

அவையில் ஒருவர் என்னை இரக்கத்தோடு பார்த்தார். "வீணாப் போறது இயற்க. அத எடுத்துப் பயன்படுத்தறோம் பாருங்க, அங்கதான் வன்முற ஆரம்பிக்குது."

அடுத்தது 'கைவழி ஆய்வு'. எந்த வேலையானாலும் மின்சாரம் இல்லாமல் கையால் செய்ய முடியுமா என்று பார்ப்பார்கள். மென்பொருளைக் கையால் செய்ய முடியாது என்று நான் சொன்னதை அவர்கள் ஏற்கவில்லை. முயன்று பார்க்காமல் சொல்லக் கூடாதாம். அந்த ஒரு வரியைத் தரையில் கரித்துண்டால் எழுதச் சொன்னார்கள். எழுதினேன். மூவரும் அதைச் சுற்றி வந்து பார்த்தார்கள்.

"இப்ப சரியாயிடுச்சா?" என்றார் பொன்னுரங்கம்.

"தரையில சரியாயிடுச்சி."

"நல்லது. மீதிய முழு அவ பாத்துக்கும்." விண்ணப்பம் புதன்கிழமைக்கு ஒத்திவைக்கப்பட்டது.

முழு அவை என்றால் இருபத்தாறு பேரும். மாந்தோப்பில் வட்டமாக உட்கார வேண்டும். சம்மதிப்பவர்கள் உள்ளங்கையைத் தரையில் பதிக்க வேண்டும். ஒரு கை மடியில் இருந்தாலும் காரியம் நடக்காது. அதற்குத்தான் முழு இசைவு என்று பெயர். எங்கள் நிறுவனர் செந்தமிழ்செல்வன் பேசினார். அவரை நிறுவனர் என்று சொல்லக் கூடாது, 'தொடக்க உயிர்' என்றுதான் சொல்ல வேண்டும். அரசாங்கத்தில் கண்காணிப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவர்.

"சக உயிர்களே! நான் முப்பத்திரண்டு வருஷம் கோப்பு பாத்தவன். அங்க ஒரு மனுஷன் வந்து நின்னா, நாற்காலியில உக்காந்துகிட்டு இல்லன்னு சொல்லுவோம். எனக்கு ராத்திரியெல்லாம் ஒறக்கம் வராது. என்ன வாழ்க்க இது, இப்பிடி ஒசரத்துல உக்காந்து மறுக்கறோமேன்னு. இங்க பாருங்க. மேச இல்ல, நாற்காலி இல்ல, சீல் இல்ல. கேக்கறவங்களும் தரையில, மறுக்கறவங்களும் தரையில. இதுக்குப் பேருதான் விடுதல!"

எல்லோரும் இரண்டு கைகளையும் காற்றில் ஆட்டினார்கள். மண்மடியில் கைதட்டுவது சத்தம்.

பிறகு அவர் என் பக்கம் திரும்பினார். "ஆமா, பத்துப் பதினஞ்சு பேரு சேந்து செய்யறதுன்னு சொல்றியே. வேற யாராவது வெளியிடக் கூடாதா?"

"முடியாதுங்க. என் கையெழுத்து இல்லாம எதுவும் வெளிய போவாது. ஆளாளுக்குக் கை வெச்சா தரம் கெட்டுப் போயிடும்னு நான்தான் அப்படி வெச்சேன்."

செந்தமிழ்செல்வனின் முகம் மலர்ந்தது. "பாத்தீங்களா! இந்தப் பொண்ணுக்கு நம்ம மொற நல்லாவே புரிஞ்சிருக்குது."

எனக்கு அப்போது பெருமையாகத்தான் இருந்தது. மறைக்க என்ன இருக்கிறது.

தேவசகாயத்தைப் பற்றி அரை மணி நேரம் பேசினார்கள். அவருக்கு எதற்கு வேலை என்று ஒருவர் கேட்டார். வேலையை விட்டுவிட்டு இங்கே வந்து கீரை நடலாமே என்றார் இன்னொருவர். பதினோரு வருடத் தற்காலிகம் என்பது உண்மையில் நிலையாமையை உணர்வதற்குக் கிடைத்த அரிய வாய்ப்பு என்று மூன்றாமவர் சொன்னபோது பலர் கையை ஆட்டினார்கள். நான் கெஞ்சினேன். "ஒரு மனுஷனோட சோறுங்க. என்னால வந்த தப்பு. ஒரு மணி நேரம் குடுங்க, போதும்." அழுதுவிட்டேன். அழுகைக்குத் தனி நேரம் ஒதுக்கி, எல்லோரும் மௌனமாக எனக்காகக் காத்திருந்தார்கள்.

கடைசியில் கைகள் தரைக்கு வந்தன. எண்ணிப் பார்த்தேன். இருபத்தைந்து. மடியில் இருந்த ஒரு கை கலைமணியுடையது.

"ஏங்க!" என்றேன்.

"என்னால முடியாது இளவரசி. பொண்டாட்டிங்கறதுக்காக கைய வெச்சேன்னு நாளைக்கி ஒருத்தர் சொல்லிடக் கூடாது. ஒம்மேல மரியாத இருக்கறதாலதான் எதுக்கறேன்."

அவருடைய நேர்மையைப் பாராட்டி மற்ற இருபத்து நாலு பேரும் கையை ஆட்டினார்கள். பதினாறு வருடம் இந்த மனுஷனுக்குச் சோறு போட்டிருக்கிறேன்.

இசைவு ஒரு கையால் தவறினால் மண்ணிடம் விடுவது வழக்கம். ஒரு சட்டியில் மண் நிரப்பி, கோரிக்கையைச் சொல்லி, ஒரு பச்சைப்பயறை ஊன்றுவார்கள். மூன்று நாளில் முளைத்தால் மண் சம்மதித்தது என்று பொருள். புதன் சாயங்காலம் ஊன்றினார்கள். மூன்று நாள் என்றால் சனிக்கிழமை. பரீட்சை வெள்ளிக்கிழமை. இதைச் சொன்னேன். மண்ணுக்குக் கிழமை கிடையாது என்றார்கள்.

வியாழக்கிழமை முழுக்க அந்தச் சட்டிக்கு எதிரில் உட்கார்ந்திருந்தேன். ஒரு பயறிடம் இப்படிக் கெஞ்சுவேன் என்று நான் நினைத்ததே இல்லை. முளைச்சித் தொலையேன், முளைச்சித் தொலையேன் என்று வாய்விட்டே சொன்னேன். சமையலுக்குப் பக்கத்து ஊரிலிருந்து வரும் விருத்தாம்பாள் என்னைப் பார்த்துவிட்டுக் கரண்டியோடு வந்து நின்றாள். இருபத்தாறு பேரும் இசைந்து சமைத்த காலத்தில் சோறு சாயங்காலம் நாலு மணிக்குத்தான் வெந்ததாம், அதனால் அவளை வைத்திருந்தார்கள். அவளுக்கு அவையில் கை கிடையாது.

"ஏம்மா, அடுப்படியில ஒரு சட்டி பயிறு மொள கட்டி வெச்சிருக்கறேன். அதுல ஒண்ண எடுத்து நட்டுட்டுப் போவியா, இங்க குந்திகிட்டு அழுவுற."

நட்டேன். அரை மணி நேரத்தில் பொன்னுரங்கம் வந்து குனிந்து பார்த்து, கிள்ளி எடுத்துப் போட்டார். "இது சமையல் பயிறு. அவைப் பயிறு இல்ல."

விருத்தாம்பாள் அவர் போகும்வரை காத்திருந்தாள். "நாளைக்கிக் காலைல அஞ்சு மணிக்கு வேலைக்கிப் போறவங்க எல்லாம் கொட்டாயில பூந்து ஆளுக்கொரு சாமான எடுத்துகிட்டுப் போவாங்க இல்ல? யாராவது கேக்கறாங்களா? மம்பட்டி எடுக்கறவங்க மம்பட்டி எடுக்கட்டும். நீ ஒன்னோடத எடுத்துகிட்டுப் போ."

எனக்கு அப்போதுதான் உறைத்தது. வேலைக் கருவிக்கு விண்ணப்பம் தேவையில்லை. லேப்டாப் கருவிப் பட்டியலில்தான் இருக்கிறது. மின்சாரத்துக்குத்தானே இசைவு வேண்டும்? மின்சாரம் ஸ்ரீமுஷ்ணத்திலும் சிதம்பரத்திலும் எல்லாச் சுவரிலும் இருக்கிறது. திங்கட்கிழமையே போயிருக்கலாம். நாலு நாள் நாரை இடித்துக்கொண்டும் பயறைக் கும்பிட்டுக்கொண்டும் இருந்தேன். கேட்டுச் செய்வது அவ்வளவு தூரம் எனக்குப் பழகிப்போயிருந்தது.

வெள்ளிக்கிழமை காலை மண்வெட்டிக்காரர்களோடு வரிசையில் போய் லேப்டாப்பை எடுத்தேன். பதிவேட்டில் 'கருவி 1' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். யாரும் ஒன்றும் கேட்கவில்லை. ஒருவர், "எந்தப் பாத்திக்குப் போறீங்க?" என்றார். "கிழக்க" என்றேன். வாசலைத் தாண்டும்போது விதியை மீறிவிட்டேன் என்று தெரியும். சொல்லாமல் வெளியே போகக் கூடாது. கலைமணி உரக்குழியில் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றிருந்தார். அவருக்கும் சேர்த்துத்தான் வீட்டைத் தொலைக்கிறேன் என்று நினைத்துக்கொண்டே ஓடினேன்.

ஸ்ரீமுஷ்ணத்துக்கு நடந்து, பஸ் பிடித்து, சேத்தியாத்தோப்பில் அது ஒரு லாரிக்குப் பின்னால் இருபது நிமிடம் நின்று, சிதம்பரத்தில் இறங்கும்போது எட்டு இருபது. பஸ் நிலையத்துக்கு எதிரில் செல்போன் பழுது பார்க்கும் கடை ஒன்று அப்போதுதான் ஷட்டரைத் தூக்கியது. கடைக்காரர் பெயர் அந்தோணிசாமி.

"அண்ணே, ஒரு பிளக் பாயின்ட்டும் வைஃபையும் ஒரு மணி நேரம் வேணும். அவசரம்."

"போட்டுக்கம்மா. அதுக்கு ஏன் இப்பிடி நடுங்குற?"

இரண்டே வினாடி. விண்ணப்பம் இல்லை, பாய் இல்லை. எனக்கு மறுபடி அழுகை வந்தது. அவர் போனை வாங்கித் தேவசகாயத்தைக் கூப்பிட்டேன்.

"வாசல்லதாம்மா நிக்கறேன். இன்னும் லேப்டாப்ப குடுக்கல. குடுங்க குடுங்கன்றாங்க. ஒம்போது வரைக்கும் இழுத்துப் பாக்கறேன்."

வரியைத் திருத்த ஒரு நிமிடம். மென்பொருளைக் கட்டுவதற்கு என் பழைய லேப்டாப் நாற்பது நிமிடம் எடுக்கும். திரையில் சதவீதம் ஊர்ந்தது. முப்பத்தைந்து. ஐம்பது. அந்தோணிசாமி டீ வாங்கி வைத்தார், அது ஆறிப்போனது. எட்டு ஐம்பத்தெட்டுக்குத் தொண்ணூற்றாறு. சாவியின் கடவுச்சொல்லை அவசரத்தில் இரண்டு முறை தப்பாக அடித்தேன். கையெழுத்து விழுந்து, பதிப்பு வெளியே போகும்போது ஒன்பது நாலு.

போன் செய்தேன். தேவசகாயத்தின் மனைவி பொன்னி எடுத்தாள். "வாங்கிட்டாங்கக்கா. ஒம்போது மணிக்குப் புடுங்காத கொறயா வாங்கிட்டாங்க. அவரு உள்ள போயிட்டாரு."

ஆட்டோ பிடித்துப் பரீட்சை நடந்த கல்லூரி வாசலுக்குப் போனேன். மேற்பார்வையாளரிடம் கெஞ்சினேன். நாலே நிமிடம்தான் என்றேன். அவர் நல்ல மனிதர். "எனக்கு மனசு இருக்குதும்மா. ஆனா விதின்னு ஒண்ணு இருக்குது பாருங்க" என்று நின்றுகொண்டே மறுத்தார். நானும் பொன்னியும் ஒரு வேப்பமரத்தடியில் மூன்றரை மணி நேரம் உட்கார்ந்திருந்தோம்.

ஒரு மணிக்குத் தேவசகாயம் வெளியே வந்தார். சட்டையெல்லாம் வேர்வை. பொன்னி ஓடிப்போய்க் கையைப் பிடித்துக்கொண்டாள். நான் வந்திருப்பதைச் சொன்னாள்.

"மொத ரெண்டு பக்கம் அடிச்சேன்" என்றார் அவர். "மூணாவது பக்கத்துல கட்டம் வந்துச்சி. அப்புறம் மணி அடிக்கற வரைக்கும் சும்மா ஒக்காந்திருந்தேன்."

"என்ன மன்னிச்சிடுங்க. என்னாலதான். அங்க ஒரு மணி நேரம் கரண்டு குடுக்க மாட்டேன்னுட்டாங்க. இருபத்தாறு பேரும் ஒத்துக்கணுமாம். பைத்தியக்காரக் கூட்டம்ங்க அது." நாலு நாள் கதையையும் கொட்டினேன். காகிதம், பாய், பயறு, எல்லாம். கொட்டக் கொட்ட எனக்கு ஆத்திரம் ஏறியது. தப்பு அவர்களுடையது என்று ஆகிவிட்டால் எனக்குக் கொஞ்சம் மூச்சு வரும் போலிருந்தது.

தேவசகாயம் பொறுமையாகக் கேட்டார். பிறகு, "திங்கக்கெழமையே வெண்மதின்னு ஒரு பொண்ணு அந்த வரிய சரி பண்ணி அனுப்பிச்சிட்டுதாமே, நீங்க பாக்கலியாம்மா?" என்றார்.

நான் பார்க்கவில்லை. கடையில் இருந்த அவசரத்தில் வந்திருந்த திருத்தங்களின் பட்டியலை நான் திறக்கவே இல்லை.

"அந்தப் பொண்ணே எனக்கு எழுதிச்சி. எல்லாம் ரெடி, ஆனா வெளிய வுடறதுக்கு எங்களுக்கு உரிம இல்லன்னு. சரி, நாமளே கேட்டுப் பாப்போம்னு நானும் ஒங்க தளத்துல எழுதிப் போட்டேன். ஒடனே பதில் வந்துச்சி."

எனக்கு அந்தப் பதில் தெரியும். மூன்று வருடத்துக்கு முன்னால் நல்ல மனநிலையில் நான் எழுதி வைத்த தானியங்கிப் பதில் அது. 'வணக்கம். இது அனைவருக்கும் பொதுவான முயற்சி. உங்கள் கோரிக்கையை மதிக்கிறோம். பராமரிப்பாளரின் இசைவு கிடைத்த பின் வெளியிடப்படும். அதுவரை பொறுமை காக்கவும்.'

"நாலு நாளும் அனுப்பிப் பாத்தேன்" என்றார் தேவசகாயம். "நாலு தடவயும் அதே பதிலு. ஆனா ஒண்ணு சொல்லணும்மா. அந்தப் பதில ஒங்க செவிமொழி என்னமா வாசிச்சிச்சி தெரியுங்களா! ஒரு எடத்துல நிக்கல, திக்கல. அவ்ளோ தெளிவு."

அவர் குத்திக்காட்டவில்லை. நிஜமாகவே பாராட்டினார்.